சைக்கிளைப் பெட்டிக்குள் போடுவதற்கு முன்

போன ஓகஸ்ட் லீவுக்கு லண்டனில் இருந்து வந்த எங்கள் நண்பியின் மச்சான் தன்னுடைய கார்பன் றோட் பைக்கையும் கொண்டுவந்திருந்தான். எட்டுக் கிலோகூட வராது. மூன்று கிழமை சிலாபம், காலி, நுவரெலியா எண்டு ஓடி முடித்துவிட்டு, திரும்பிப் போவதற்கு முதல் நாள் கொலன்னாவையில் நண்பியின் வீட்டு விறாந்தையில் வைத்து நாங்கள் நாலு பேரும் சேர்ந்து அதைப் பொதி கட்டினோம். வரும்போதே பெட்டி கிழிந்து, பின் கியரைத் தாங்குகிற சின்னத் துண்டு வளைந்திருந்தது. அதனால் இந்தமுறை அவன் சரியான பயத்தில் இருந்தான்.

முதலில் பெடலைக் கழற்ற வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை மாறி ஓடும், வழமைபோலத் திருகினால் இன்னும் இறுகும். பின் கியரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்தின் உள்பக்கம் கட்ட வேண்டும். முன் சில்லை எடுத்தால் கவைக்கு நடுவில் ஒரு கட்டை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஒரு சூட்கேஸ் விழுந்தாலே கவை நெரிந்துவிடும். ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம், முழுக்க இறக்கக்கூடாது. முழுக்க இறக்கினால் அடிபடும்போது றிம்மைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, இதைத் தோணியில கொண்டுபோறதெண்டால் என்ன செய்வாய்?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விதான் எங்களை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துவிட்டது.

சைக்கிள் கடல் தாண்டுவது புதுக் கதை இல்லை. 1894இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட அனி லண்டன்டெரி, அடுத்த ஆண்டு ஆசியப் பக்கம் வந்தபோது பெரும்பாலும் கப்பலில்தான் பயணித்தார். கொழும்பும் அவர் தொட்ட துறைமுகங்களில் ஒன்று. சைக்கிளில் போனதைவிடச் சைக்கிளோடு போனதே அதிகம் எண்டு அப்போதே அவரைக் கிண்டல் செய்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய பரசூட் படைக்காக பிஎஸ்ஏ கம்பனி நடுவில் மடிகிற சைக்கிள் ஒன்றைச் செய்தது. அதைத் தலைகீழாக இறக்குவார்கள். ஹேண்டிலும் சீற்றும் முதலில் நிலத்தில் மோதி அடியை வாங்கிக்கொள்ளும், சில்லுகள் தப்பும். எதைப் பலிகொடுத்து எதைக் காப்பாற்றுவது என்பதுதான் அந்தப் பொதியின் கணக்கு.

எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு, வேலைக்காகக் கொழும்பு வந்த யாழ்ப்பாணத்தாருக்குச் சைக்கிளை அனுப்புவது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. சாக்குச் சுற்றி, பெயர் எழுதிய மட்டையைக் கட்டி, ரயிலில் பார்சலாகப் போட்டுவிடலாம். 1990 ஜூனில் யாழ்ப்பாண ரயில் நின்றது. திரும்ப ஓட 2014 ஒக்டோபர் வரை, 24 வருடம் பொறுக்க வேண்டியிருந்தது.

ரயில் நின்றதோடு பெற்றோலும் நின்றது. பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் உயிர் வாழ்ந்தது. நோயாளி, விறகு, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாமே கரியரிலும் பாரிலும்தான். பற்றரிக்கும் தடை இருந்ததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஆனையிறவும் பூநகரிப் பாதையும் அடைபட்ட பிறகு குடாநாட்டை விட்டு வெளியே வர மிஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி மட்டும்தான். இரவில், விளக்கில்லாமல், சின்னப் படகுகளில். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்த நீரேரியில் பொதுமக்களின் படகுகள் கடற்படையால் தாக்கப்பட்டுப் பலர் இறந்தார்கள்.

அடுத்த வருடம் மாமா அந்தப் பாதையால் வந்தார். தன்னுடைய அப்பாவின் றலி சைக்கிளோடு. பெடலைக் கழற்றவில்லை, ஹேண்டிலை மட்டும் திருப்பி, மற்றவர்களின் காலில் குத்தாமல் படகின் ஓரத்தில் கட்டினாராம். ஆட்கள் இருக்கிற இடத்தைச் சைக்கிள் எடுக்கிறதே எண்டு கூச்சமாக இருந்ததாம். ஆனால் அக்கரையில் இறங்கினால் பஸ் எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கரையேறியதும் முதல் வேலை, உப்புத் தண்ணீர் பட்ட செயினைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசியது. கொழும்புக்கு வரும்போது அதைக் கிளிநொச்சியில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

1995 ஒக்டோபர் எங்கள் கொலன்னாவைக்கும் மறக்க முடியாத மாதம். 20ஆம் திகதி விடுதலைப் புலிகள் இங்கேயும் ஒருகொடவத்தையிலும் இருந்த எண்ணெய்க் குதங்களைத் தாக்கினார்கள். புகை நாட்கணக்கில் நின்றதாக அயலவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பத்து நாள் கழித்து, 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறிவர வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாக இடம்பெயர்ந்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய் எரிந்தது, மறுபக்கம் எண்ணெயே இல்லாத சனம் மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது. அந்த நெரிசலில் ஏறி ஓட முடியாது. சைக்கிள் ஒரு தள்ளுவண்டி ஆகியிருந்தது.

2009 மே மாதம் அதுவும் முடியவில்லை. முள்ளிவாய்க்காலை விட்டு வந்த சனம் உயிரை மட்டும் கொண்டுவந்தது. போர் முடிந்தபின் அந்தப் பக்கம் எடுத்த படங்களில் துருப்பிடித்த சைக்கிள்கள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. சட்டங்கள் ஒன்றோடு ஒன்று பின்னி, எது எவருடையது எண்டு தெரியாமல். கிளிநொச்சிச் சொந்தக்காரர் கடைசிவரை அந்த றலியைத்தான் உருட்டினவராம். அந்தப் படங்களை மாமா பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் எண்டு அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் தலைமுறைக்குச் சைக்கிளின் அருமை தெரிந்தது 2022இல். நாட்டின் பெரிய எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே பெற்றோல் இல்லாமல் நின்றோம். ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் எண்டு அரசாங்கம் அறிவித்தது. சைக்கிள் விலை எகிறியது. கொழும்பில் பலர் அதைப் புதுமையாகப் பார்த்தார்கள், படம் எடுத்துப் போட்டார்கள். வடக்கில் இருந்து வந்த எங்கள் வகுப்புத் தோழர்களுக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை.

லண்டன் மச்சானின் பயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அவனுடைய காசு, அவனுடைய ஆசை. விடுமுறையில் கொண்டுபோகிற சைக்கிள் உடைந்தால் விடுமுறை கெடும். கிளாலியில் கொண்டுவந்த சைக்கிள் உடைந்தால் குடும்பம் நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் சைக்கிளைப் பற்றி எழுதுகிற பயணக் கதைகளில் முதலாவதுதான் வருகிறது. இரண்டாவது எங்கள் வீட்டு விறாந்தைகளில் பேச்சாக மட்டும் இருக்கிறது, அதுவும் யாராவது பெட்டி கட்டினால்தான் வெளியே வருகிறது. கேட்டு எழுதிவைக்க எங்களுக்கு நிறையக் காலமும் இல்லை.

கடைசியில் பெட்டிக்குக் கயிறு கட்டியது மாமாதான். எங்கள் ரேப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு நாள் கழித்து லண்டனில் இருந்து மெசேஜ் வந்தது: சைக்கிளில் ஒரு கீறலும் இல்லை, மாமாவின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கயிற்றை வெட்டினானாம். மாமாவுக்கு வாசித்துக் காட்டினோம். "வெட்டாமல் அவிழ்த்திருக்கலாம், நல்ல கயிறு" என்றார்.