கை கால் நல்லாத்தான் இருக்கு... ஞாபகம் மட்டும் காணோம்! - அரிய வகை பக்கவாதங்கள்

பக்கவாதம் என்றதும் கோணிய வாய், தூக்க முடியாத கை, குழறும் பேச்சு... இவைதான் நினைவுக்கு வரும். இந்த மூன்றும் இல்லாமல், நேராக ஞாபகசக்தியிலேயே கைவைக்கும் பக்கவாதங்களும் உண்டு. 'வயசாகிடுச்சுல்ல, அதான் மறதி' என்று வீட்டில் விட்டுவிடுவதால், சிகிச்சைக்கான நேரம் கடந்துவிடுகிறது.

எழுப்பினாலும் கலையாத தூக்கம்

மூளையின் நடுவே இரண்டு பக்கமும் இருக்கிறது தலாமஸ். விழிப்பு, நினைவு இரண்டுக்கும் இது முக்கியம். பொதுவாக, இரு பக்கத்துக்கும் தனித்தனி ரத்தக்குழாய்கள் செல்லும். சிலருக்கு மட்டும் ஒரே குழாய் இரண்டாகப் பிரிந்து செல்லும். இதற்கு 'பெர்ஷெரான் தமனி' என்று பெயர். இது அடைபட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். எழுப்ப எழுப்பத் தூங்குவார்கள். கண்ணை மேலும் கீழும் அசைக்கச் சிரமப்படுவார்கள். தெளிந்த பிறகும், காலையில் சாப்பிட்டதுகூட ஞாபகத்தில் நிற்காமல் போகலாம். முதலில் எடுக்கும் சி.டி ஸ்கேனில் இது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ-யில் தெரியவரும்.

எழுதலாம்... படிக்க முடியாது!

கனடாவின் துப்பறியும் நாவலாசிரியர் ஹோவர்ட் எங்கல், 2001-ல் ஒருநாள் காலை நாளிதழை எடுத்தார். எழுத்துகளெல்லாம் ஏதோ அந்நிய மொழிபோலத் தெரிந்தன. காரணம், பக்கவாதம். அவரால் எழுத முடிந்தது. எழுதியதைப் படிக்க முடியவில்லை. தெரிந்த பெயர்களும் மறந்துபோயின. விடாமல் பயிற்சி எடுத்தவர், 2005-ல் 'மெமரி புக்' என்ற நாவலையே வெளியிட்டார்.

குடும்பத்தில் தொடர்வது

'காடாசில்' என்பது நாட்ச்3 மரபணுக் கோளாறால் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வர 50 சதவிகித வாய்ப்பு உண்டு. பலருக்கு முதலில் ஒற்றைத் தலைவலி வரும். 40, 50 வயதுகளில் சிறு சிறு பக்கவாதங்கள் வந்து, திட்டமிடும் திறனும் நினைவும் படிப்படியாகக் குறையும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

மறதி எப்போது ஆரம்பித்தது என்று பாருங்கள். அல்சைமர் மெதுவாக வரும். 'நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்தாரே' என்று சொல்லும்படி திடீரென வந்தால், உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால், கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒரு நோட்டு, செல்போன் அலாரம், கண்ணில் படும் இடத்தில் காலண்டர்... இவை பெரிய துணை. கேட்டதையே திரும்பக் கேட்டால், 'இப்பத்தானே சொன்னேன்' என்று எரிந்து விழாதீர்கள். அவருக்கு அது முதல் தடவைதான்!