சட்டம் வரைந்த மேலங்கி

மாதர் அணியும் மேலங்கி ஒன்றின் சித்திரத்தில் ஆராய என்ன இருக்கிறது எனச் சிலர் நகைக்கக்கூடும். பட்டாபிஷேகங்களையும் படையெடுப்புகளையுமே சரித்திரமென ஆங்கிலப் பள்ளியில் நெட்டுருப்போட்ட நமக்கு இவ்வையம் எழுதல் இயல்பே. ஆயினும், 1942-ம் ஆண்டில் லண்டன் உடைக்கலைஞர்கள் வரைந்தளித்த மேலங்கிச் சித்திரங்களை நோக்குங்கால், ஒரு யுத்தத்தின் கணக்குப் புத்தகமே அக்கோடுகளில் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

1941 ஜூன் 1-ந் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் துணிப் பங்கீட்டைத் தொடங்கிற்று. முதலாண்டில் ஆள் ஒன்றுக்கு 66 கூப்பன்கள். உள்துணி வைத்துத் தைத்த கம்பளி மேலங்கி வேண்டுமாயின் 14 கூப்பன்கள் கொடுத்தாக வேண்டும், விலைப்பணம் வேறு. சீமாட்டிக்கும் 14, தொழிற்சாலைப் பெண்ணுக்கும் 14. ஏட்டளவில் இது சமத்துவமே. ஆனால் கணக்கெழுதிப் பழகிய நம் போன்ற கிராணிமார் கண்ணுக்கு இதிலுள்ள ஓட்டை தப்பாது. பணமுள்ளவள் 14 கூப்பனுக்குப் பல்லாண்டு உழைக்கும் அங்கியை வாங்குவாள். இல்லாதவளோ அதே 14 கூப்பனுக்கு விரைவில் நைந்துபோகும் மட்டச்சரக்கை வாங்கி, மறு குளிர்காலத்தில் கூப்பனுமின்றி அங்கியுமின்றி நிற்பாள்.

இவ்வோட்டையை அடைக்க வந்ததே 'யுட்டிலிடி' உடைத் திட்டம். துணியின் தரம் இன்னது, விலை இதற்குமேல் ஆகாது எனச் சர்க்காரே வரையறுத்து, சி.சி. 41 என்னும் முத்திரையிட்டது. 1942-ல் அவ்வுடைகளுக்கு விற்பனை வரியையும் நீக்கிற்று. சர்க்கார் உடுப்பென்றால் சிறைச்சாலைச் சட்டையோ என்ற அச்சம் மக்களுக்கு இல்லாமலில்லை. அதைப் போக்க வர்த்தக இலாகா, அதுவரை செல்வக் குடும்பங்களுக்கே உடை அமைத்துவந்த கலைஞரை நாடிற்று. டிக்பி மார்ட்டன், விக்டர் ஸ்டீபெல், எட்வர்டு மொலினோ, பிற்காலத்தில் எலிசபெத் அரசியாருக்கு உடை அமைத்த ஹார்டி ஏமிஸ் முதலியோர், தட்டெழுத்துப் பெண்ணும் வாங்கக்கூடிய அங்கிக்குப் பென்சில் பிடித்தனர்.

பிடித்த பென்சிலையும் சட்டம் விடவில்லை. கவுன் ஒன்றுக்குப் பை இரண்டு, பொத்தான் ஐந்துக்கு மேல் கூடாது. தையலின் நீளத்திற்கும் அளவுண்டு. நிமிர்ந்த தோள், ஒடுங்கிய உருவம், வீண் மடிப்பில்லாத நேர்க்கோடு ஆகிய இவற்றை நாம் இன்று அழகென்கிறோம். அவற்றை வரைந்ததில் பாதிப்பங்கு சட்டத்தினுடையது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா ரப்பர் பிரிட்டனுக்குச் செல்வதும் நின்றது. ஆங்கே எலாஸ்டிக் நாடாவுக்கும் தடை வந்தது. நம்மவர் வெட்டிய பால் லண்டன் மாதரின் இடுப்புக் கச்சைவரை எட்டியிருந்ததை அப்பொழுதாவது அவர்கள் அறிந்தார்களோ, என்னவோ! அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களில் கோணிச்சாக்கை உடுத்தவர்கட்குக் கூப்பனும் இல்லை, சித்திரமும் இல்லை.

யுத்தம் ஓய்ந்து, 1947 பெப்ரவரி 12-ல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் ஒடுங்கிய இடையும், கெஜக்கணக்கில் துணி விழுங்கும் பாவாடையுமாகப் புது மோஸ்தரை வெளியிட்டார். அப்போது பிரிட்டிஷ் வர்த்தக இலாகாத் தலைவராயிருந்தவர் சர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ். 1942-ல் இந்தியாவுக்குத் தூது வந்தாரே, அவரேதான். அவர் அம்மோஸ்தரை விரும்பவில்லை. பெண்களோ அவர் விருப்பத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆண்டுக்கணக்கில் அளந்து உடுத்தவர்கள் அகன்ற பாவாடைக்கு ஆசைப்பட்டதைக் குற்றமென நாம் கூறோம். ஆனால் டியோரின் சித்திரம் விலை கொடுக்கவல்லாரை நோக்கி வரையப்பட்டது. முந்தியதோ, வரிசையில் நின்றவளை நோக்கி வரையப்பட்டது.

பிரிட்டனில் துணிப் பங்கீடு 1949 மார்ச்சில் ஒழிந்தது, சி.சி. 41 முத்திரை 1952 வரை நீடித்தது. அச்சித்திரங்களைக் கொண்டு தைத்த மாதிரி உடைகளை வர்த்தக இலாகா 1942-லேயே லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச் சாலைக்கு அளித்துவிட்டது.