பற்றும் வரவும்: ஆக்ஸ்போர்டில் மாணவர் வாழ்வும் கடைத்தெருவும்

ஆக்ஸ்போர்டு மாணவருக்கு வீட்டிலிருந்து பணம் வரும் நாள் ஒன்று. செலவு வரும் நாட்கள் பல. இடைப்பட்ட வாரங்களில் அவர் வாழ்ந்தது கடைக்காரர்களின் பேரேட்டில். ரொட்டி சுடுபவரும் பீர் காய்ச்சுபவரும் அறை வாடகைக்கு விடுபவரும் முதலில் அவருக்குப் பற்று எழுதினார்கள். பிற்காலத்தில் தையல்காரரும் மது வணிகரும் புத்தகக் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். இந்தக் கடனுக்கு யார் பொறுப்பு, அதன்மேல் எழும் வழக்கை எந்த மன்றம் விசாரிப்பது, பண்டத்தின் விலையை யார் நிர்ணயிப்பது என்பவற்றை முன்னிட்டே நகரமும் பல்கலைக்கழகமும் பல நூற்றாண்டுகள் மோதின. அந்த நகரத்தின் வணிக வரலாற்றை மாணவர் கடனின் வரலாறாகவே படிக்கலாம்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்போர்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கென்று சொந்தக் கட்டடம் இல்லை. பாடம் நடந்தது வாடகை அறையில்; படுக்கை நகரத்தார் வீட்டில். நெசவும் தோல் வேலையும் பிழைப்பாக இருந்த ஊருக்கு, பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள் திரளாக வந்து சேர்ந்தபோது வாடகை ஏறியது, ரொட்டி விலையும் ஏறியது. 1209-இல் ஒரு மாணவர் கையால் ஒரு பெண் இறந்துபோனார். குற்றவாளி தப்பிவிட, அவருடன் தங்கியிருந்தவர்களை நகரத்தார் பிடித்துத் தூக்கிலிட்டனர். ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரைவிட்டே வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜில் போய்த் தங்கியதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம்.

ஊர் காலியானதும் நகரத்தாருக்கு இழப்பு புரிந்தது. 1214-இல் போப்பாண்டவரின் தூதர் நிக்கோலஸ் வகுத்த உடன்படிக்கையில் பெரும்பகுதி வாடகையும் சாப்பாடும் பற்றியது. மாணவர் தங்கும் வீடுகளுக்குப் பத்தாண்டுகள் பாதி வாடகைதான் வாங்க வேண்டும். உணவுப் பண்டங்களை நியாய விலைக்கு விற்க வேண்டும். ஏழை மாணவர்களுக்காக ஆண்டுதோறும் 52 ஷில்லிங் தர வேண்டும். புனித நிக்கோலஸ் திருநாளில் 100 ஏழை மாணவர்களுக்கு ரொட்டி, பீர், கஞ்சி, மீனோ இறைச்சியோ ஒன்று என்று விருந்திட வேண்டும். நகரத்தின் தலையில் சுமத்தப்பட்ட தண்டனைதான் இது. என்றாலும் ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் முக்கிய ஆவணங்களில் ஒன்று சாப்பாட்டுத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வது கவனிக்கத் தக்கது.

அந்த 52 ஷில்லிங்கிலிருந்து ஒரு கடன் ஏற்பாடு முளைத்தது. 1240-இல் லிங்கன் ஆயர் ராபர்ட் குரோஸ்டெஸ்ட், அப்பணத்தைச் செயின்ட் ஃபிரைட்ஸ்வைட் தேவாலயத்தில் ஒரு பெட்டியில் வைத்து, ஈடு வாங்கிக்கொண்டு மாணவருக்குக் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார். வட்டி கிடையாது. நன்கொடையாளர்கள் பின்னாளில் இதுபோன்ற பெட்டிகள் பலவற்றை நிறுவினர். இடைக்காலம் முடிவதற்குள் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. ஈடாக வந்தவற்றில் முதலிடம் புத்தகத்துக்கு. தோல் ஏட்டில் கையால் எழுதிய புத்தகம் அன்றைய மாணவரிடம் இருந்த விலையுயர்ந்த உடைமை. அதற்கடுத்து வெள்ளிக் கிண்ணம். ஈட்டுப் பொருளின் மதிப்பைப் பல்கலைக்கழகத்தின் புத்தக வணிகர் சொல்வார். குறித்த காலத்தில் மீட்காவிட்டால் பொருள் விற்பனைக்குப் போகும்.

இன்றும் நூலகங்களில் உள்ள அக்காலக் கையெழுத்துப் பிரதிகளின் கடைசித் தாளைப் புரட்டினால் இந்த அடகுக் குறிப்புகளைப் பார்க்கலாம். அடகு வைத்தவர் பெயர், எந்தப் பெட்டியில், எந்த நாளில், என்ன தொகைக்கு என்று நெருக்கிய எழுத்தில் சில வரிகள். மீட்டதும் குறிப்பை அடித்துவிடுவார்கள்; மறுபடி முடை வந்தால் அதன் கீழே இன்னொன்று எழுதப்படும். ஒரே புத்தகத்தில் இத்தகைய குறிப்புகள் அடுக்கடுக்காக நிற்பதும் உண்டு. அந்தப் புத்தகம் எத்தனை முறை பசிக்காகக் கைமாறியது என்பதை அதன் உள்ளடக்கத்தைவிட அந்தத் தாளே தெளிவாகச் சொல்கிறது.

பெட்டிக்கு வெளியே கடன் கொடுத்தவர்களில் நகரத்து யூதர்கள் முக்கியமானவர்கள். 1244-இல் மாணவர்கள் அவர்கள் குடியிருப்பைச் சூறையாடினார்கள். ஆனாலும் அதே ஆண்டில் மன்னர் மூன்றாம் ஹென்றி பல்கலைக்கழகத்துக்குப் பெரிய உரிமை ஒன்றைக் கொடுத்தார். கடன், வாடகை, குதிரை வாடகை, துணி, உணவு ஆகியவற்றில் ஒரு தரப்பு மாணவராக இருந்தால் வழக்கைப் பல்கலைக்கழக வேந்தரின் மன்றமே விசாரிக்கும். 1248-இல் யூதர்கள் மாணவர்களிடம் வாங்கும் வட்டிக்கு வாரத்துக்கு ஒரு பவுண்டுக்கு 2 பென்னி என்ற உச்சவரம்பு வந்தது. ஆண்டுக் கணக்கில் அது 43 விழுக்காட்டுக்கு மேல். வரம்பே இவ்வளவு என்றால் அதற்கு முன் நிலவிய நெருக்கடியை ஊகிக்கலாம். 1290-இல் யூதர்கள் இங்கிலாந்தைவிட்டே விரட்டப்பட்டார்கள். கடன் வழக்கை விசாரிக்கும் உரிமை பல்கலைக்கழகத்திடம் நிலைத்தது. பல்கலைக்கழகத்தின் பிற்கால வலிமைக்கு 1244-இன் இந்த உரிமையே அடித்தளம் என்று கருத இடமுண்டு.

1355 பிப்ரவரி 10, புனித ஸ்கொலாஸ்டிகா நாள். நகரின் நடுச்சந்தியான கார்ஃபாக்ஸில் ஸ்விண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடை. அங்கே குடிக்க வந்த மாணவர்கள் மது சரியில்லை என்றார்கள். கடைக்காரர் பதிலுக்குக் கடுஞ்சொல் பேச, மதுக் கோப்பை அவர் தலைமேல் பறந்தது. நகரத்தின் பக்கம் ஒரு தேவாலய மணியும் பல்கலைக்கழகத்தின் பக்கம் இன்னொரு மணியும் ஆள் திரட்டின. மூன்று நாள் கலவரத்தில் நாட்டுப்புறத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர, மரபு வழிக் கணக்கின்படி 63 மாணவர்கள் மாண்டார்கள். நகரத்தார் பக்கமும் உயிர்ச்சேதம் உண்டு.

அதே ஆண்டு ஜூன் மாதம் மூன்றாம் எட்வர்டு வழங்கிய சாசனம் கடைத்தெருவைப் பல்கலைக்கழகத்தின் கையில் ஒப்படைத்தது. ரொட்டி, பீர், மது ஆகியவற்றின் தரமும் விலையும், எடையும் அளவும், தெருச் சுத்தமும் இனி வேந்தரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. எடை குறைந்த ரொட்டியைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் பல்கலைக்கழகம் நியமித்த சந்தை அலுவலர்கள் வந்தார்கள். நகரத் தலைவரும் குடிமக்களுமாக 63 பேர் ஆண்டுதோறும் புனித ஸ்கொலாஸ்டிகா நாளில் புனித மரியாள் தேவாலயத்துக்குப் போய்த் தலைக்கு ஒரு பென்னி காணிக்கை வைக்க வேண்டும் என்ற அவமானச் சடங்கு 1825 வரை நீடித்தது. 1955-இல், 600ஆம் ஆண்டில், பல்கலைக்கழகம் நகரத் தலைவருக்குக் கௌரவப் பட்டமும் நகரம் துணைவேந்தருக்குக் கௌரவக் குடியுரிமையும் கொடுத்துச் சமாதானமாயின.

இந்த அதிகாரத்தின் நிழலில் வணிகர்களில் ஒரு தனிப் பிரிவு வளர்ந்தது. தோல்தாள் செய்பவர், புத்தகம் கட்டுபவர், படம் தீட்டுபவர், முடிதிருத்துபவர், சமையல்காரர், சாமான் வாங்கித் தரும் காரியக்காரர் ஆகியோர் பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டு, நகர மன்றத்தின் பிடியிலிருந்து விலக்குப் பெற்றார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு கடைகளுக்கு இரு வேறு நீதிமன்றங்கள். நகரத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய கைவினைஞர்களுக்கு இது தீராத மனக்குறை; அதில் நியாயமும் இருந்தது.

மாணவர் வாழ்விலும் மாற்றம் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் நகரத்தார் வீடுகளில் தனியாகத் தங்குவது தடுக்கப்பட்டு, விடுதிகளிலும் பின்னர் கல்லூரிகளிலும் வசிப்பது கட்டாயமாயிற்று. ரொட்டி, வெண்ணெய், பீர் ஆகியவற்றைக் கல்லூரிச் சரக்கறையில் வாங்க, பெயருக்கு நேரே பற்று எழுதினார்கள். பருவத்தின் முடிவில் வரும் இந்தக் கணக்குக்கு ‘பேட்டல்ஸ்’ என்று பெயர். இன்றும் கல்லூரிகளில் அதே சொல்தான். ஆனால் கல்லூரிக்குள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பட்டு அங்கியில் பொற்குஞ்சலத் தொப்பியோடு நடந்தார்கள். ‘சர்விட்டர்’ எனப்பட்ட ஏழை மாணவர்கள் அவர்களுக்கு ஏவல் செய்து படிப்புச் செலவை ஈடுகட்டினார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற சமயப் பேச்சாளர் ஜார்ஜ் விட்ஃபீல்டு 1732-இல் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தது அந்த நிலையில்தான்.

அதே கல்லூரியில் 1728-இல் சேர்ந்த சாமுவேல் ஜான்சன், அகராதி இயற்றிய அதே ஜான்சன், 13 மாதத்தில் பணமில்லாமல் படிப்பை விட்டார். அவருடைய காலணி கிழிந்து பாதம் வெளியே தெரிந்தது. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு ஒரு புதுச் சோடியை அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஜான்சன் அதைத் தூக்கி எறிந்தார். நண்பர் பாஸ்வெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் உள்ள இச்செய்தி, பற்று எழுத யாரும் முன்வராத மாணவரின் நிலையைச் சொல்கிறது. கடன் கிடைப்பதற்கும் குடும்ப வசதி தேவைப்பட்டது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் கடைத்தெருவுக்குப் புதிய வகைக் கடை ஒன்று வந்தது. 1650-இல் ஜேக்கப் என்ற யூதர் ஏஞ்சல் விடுதியில் காப்பி விற்கத் தொடங்கியதை, ஊர்ச் செய்திகளை நாள்தோறும் குறித்துவைத்த ஆண்டனி வுட் பதிவு செய்திருக்கிறார். 1655-இல் மருந்துக் கடைக்காரர் ஆர்தர் டில்யார்டு ஆல் சோல்ஸ் கல்லூரிக்கு எதிரே காப்பிக் கடை நடத்தினார். இளம் கிறிஸ்டோபர் ரென் உள்ளிட்ட அறிவியல் ஆர்வலர்கள் அங்கே கூடினார்கள். மாணவர் பொழுதைக் காப்பிக் கடையில் கழிக்கிறார் என்ற வுட்டின் புலம்பல், எந்தக் கல்லூரி ஊரின் டீக்கடை வாசலுக்கும் பொருந்தும்.

1771-இல் வந்த சட்டத்தால் தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன. ஹை ஸ்டிரீட்டையும் பிற தெருக்களையும் அடைத்திருந்த இறைச்சி, மீன், காய்கறிக் கடைகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவர ஜான் க்வின் வடிவமைத்த மூடிய சந்தை 1774 நவம்பர் 1-இல் திறக்கப்பட்டது. அதன் நிர்வாகம் நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழுவிடம் இருந்தது. ஐந்து நூற்றாண்டுப் பகைக்குப் பிறகு இரு தரப்பும் கூட்டாகக் கடை நடத்தியது சிறிய மாற்றமல்ல.

19ஆம் நூற்றாண்டு கடனின் பொற்காலம். புதிதாகச் சேரும் மாணவர் ஊருக்கு வந்து இறங்கியதும் தையல்காரர், மது வணிகர், குதிரை லாயக்காரர், புகையிலைக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராக அறைக் கதவைத் தட்டுவார்கள். உடனே பணம் கேட்பவர் எவருமில்லை. மூன்று ஆண்டு கழித்துப் பட்டம் வாங்கும்போது ரசீது வரும். நெடுங்காலக் கடனுக்கும் வராக்கடனுக்கும் ஈடாக விலையை முன்பே ஏற்றி வைத்திருப்பார்கள். ஆகவே ரொக்கம் கொடுத்து வாங்கும் நேர்மையான மாணவர், கொடுக்காமல் போனவரின் சுமையையும் சேர்த்துச் சுமந்தார். 1850-இல் அமைந்த அரச ஆணையம் 1852-இல் அளித்த அறிக்கையில் இந்தக் கடன் பழக்கம் விரிவாக ஆராயப்பட்டது. பல்கலைக்கழகத்தின் கையில் இருந்த ஆயுதம் விலக்கி வைத்தல்: விதியை மீறும் கடையோடு எந்த மாணவரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று துணைவேந்தர் அறிவித்தால் அக்கடை படுத்துவிடும்.

சட்டத்தில் வேறொரு முடிச்சும் இருந்தது. 21 வயது நிரம்பாதவர் மேல் கடனுக்கு வழக்குப் போட்டால், வாங்கிய பொருள் அவருடைய நிலைக்கு அவசியமானது என்று விற்றவர் நிறுவ வேண்டும். இதைத் தெளிவுபடுத்திய புகழ்பெற்ற தீர்ப்பு கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவரைப் பற்றியது: 1908-இன் நாஷ் எதிர் இன்மன் வழக்கு. லண்டன் தையல்காரர் நாஷ் மாணவரிடம் ஆள் அனுப்பி ஆர்டர் பிடித்தார். துணிக் கணக்கு 122 பவுண்டு 19 ஷில்லிங் 6 பென்னி; அதில் அலங்கார வெய்ஸ்ட்கோட் மட்டும் 11. மாணவரிடம் ஏற்கெனவே வேண்டிய அளவு துணி இருந்ததென்று தந்தை சாட்சி சொல்ல, தையல்காரர் தோற்றார். ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்த 11 வெய்ஸ்ட்கோட்டை இன்றும் படிக்கிறார்கள்.

1844-இல் ஆக்ஸ்போர்டுக்கு ரயில் வந்தபோது, மாணவர்கள் லண்டனுக்கு நழுவிவிடுவார்கள் என்ற அச்சத்தில், நிலையத்தில் அவர்களை விசாரிக்கும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகம் சட்டத்திலேயே எழுதி வாங்கியது. 1877-க்குப் பின் ஆசிரியர்கள் மணம் செய்துகொள்ள அனுமதி பரவலானது. வடக்கு ஆக்ஸ்போர்டில் குடும்ப வீடுகள் எழ, குடும்பத்துக்கான கடைகளும் வந்தன. 1879 ஜனவரி 1-இல் பெஞ்சமின் ஹென்றி பிளாக்வெல் பிராட் ஸ்டிரீட்டில் 12 அடிச் சதுர அறையில் புத்தகக் கடை திறந்தார். வாங்காமல் நின்று படித்தாலும் யாரும் விரட்டாத கடை அது. 1966-இல் அதே கடை நிலத்தடியில் 10,000 சதுர அடியில் நோரிங்டன் அறையைத் திறந்தது. தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒன்றும் இந்த ஊரின் அச்சுத் தொழிலில் உண்டு: 1884 முதல் இங்கே தமிழ் கற்பித்த ஜி. யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900-இல் கிளாரண்டன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது.

மாணவர் தேவையிலிருந்து ஒரு பெருந்தொழிலே கிளம்பியது சைக்கிளில். வில்லியம் மாரிஸ் 1893-இல், பதினாறு வயதில், 4 பவுண்டு முதலோடு பெற்றோர் வீட்டில் சைக்கிள் பழுதுபார்க்கத் தொடங்கினார். பின்பு ஹை ஸ்டிரீட்டில் கடை. லாங்வால் தெருவில் பட்டறை. 1913-இல் அவருடைய முதல் கார் வெளிவந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘மாரிஸ் ஆக்ஸ்போர்டு’. அடுத்த இருபதாண்டுகளில் அவருடைய கௌலி ஆலை பல்லாயிரம் தொழிலாளரை ஈர்த்தது. அதுவரை கல்லூரிகளையே நம்பியிருந்த நகரத்தால் முதன்முறையாக மாணவர் பணப்பை இல்லாமலும் பிழைக்க முடிந்தது.

கடைக்காரரின் பேரேடும் மெல்ல மூடியது. 1962-இன் கல்விச் சட்டம் முழுநேரப் பட்டப் படிப்பு மாணவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் கட்டணமும், குடும்ப வருமானத்தைப் பொறுத்து வாழ்க்கைச் செலவும் தர வேண்டும் என்றது. 1970-இல் முழு வயது 18 ஆனது. மாணவருக்கு வங்கிக் கணக்கு, காசோலை, பின்னர் அட்டை வந்தன. 1990-இல் அரசு மாணவர் கடன் தொடங்கியது. 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு கட்டணம் வந்தது. 2012 முதல் பல்கலைக்கழகங்களுக்கு 9,000 பவுண்டு வரை வாங்க அனுமதி கிடைத்தது. அந்த ஏற்பாட்டின்படி தொடக்கத்தில் மாணவர் ஆண்டு வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டிய பிறகு திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டியிருந்தது; 30 ஆண்டுக்குப் பின் மீதி தள்ளுபடி என்றிருந்தது. ரொட்டிக்கும் வெய்ஸ்ட்கோட்டுக்கும் ஹை ஸ்டிரீட்டில் எழுதிய பற்று இப்போது அரசின் கணக்கில் எழுதப்படுகிறது. ஈடாக வைக்கப்படுவது மாணவரின் எதிர்கால ஊதியம்.