வேட்டை நிகழ்பட ஆட்டங்களில் ரைபிள்களின் ஆற்றல்

வேட்டை நிகழ்பட ஆட்டங்களில் ரைபிள்களின் ஆற்றல் என்பது, வேட்டையை உருவகப்படுத்தும் நிகழ்பட ஆட்டங்களில் ஒரு ரைபிளோ அதன் தோட்டாவோ விலங்கின் மீது ஏற்படுத்தும் விளைவைக் குறிக்கும் அளவீடு ஆகும். போர் ஆட்டங்களில் இது பெரும்பாலும் எதிராளியின் உயிர்ப்புள்ளிகளில் இருந்து கழிக்கப்படும் ஓர் எண்ணாக மட்டுமே உள்ளது. வேட்டை ஆட்டங்களிலோ குண்டு எந்த உறுப்பைச் சென்றடைந்தது, விலங்கு எவ்வளவு விரைவாக இறந்தது, உடல் எந்த அளவுக்குச் சிதைந்தது என்பனவும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. எனவே ஆற்றல் மிகுந்த ரைபிளே சிறந்தது என்னும் விதி இவற்றுக்குப் பொருந்துவதில்லை. விலங்கின் உடலளவுக்கு ஏற்ற தோட்டாவைத் தெரிவு செய்வதே இவ்வாட்டங்களின் முதன்மையான திறன்களுள் ஒன்றாகும்.

சொற்பயன்பாடு

இக்கட்டுரையில் *குண்டு* என்பது குழலில் இருந்து வெளியேறிப் பறக்கும் உலோகப் பகுதியைக் குறிக்கும். *தோட்டா* என்பது குண்டு, வெடிமருந்து, எரியூட்டி, உறை ஆகிய நான்கும் சேர்ந்த முழு அலகைக் குறிக்கும். ரைபிளின் ஆற்றல் என்று வழக்கில் கூறப்படுவது உண்மையில் அது சுடும் தோட்டாவின் ஆற்றலே ஆகும். ஒரே தோட்டாவைப் பயன்படுத்தும், ஒரே அளவு நீளக் குழல் கொண்ட இரு ரைபிள்களின் ஆற்றல் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும்.

வரலாறு

நின்டென்டோ நிறுவனம் 1984 ஆம் ஆண்டு வெளியிட்ட *டக் ஹன்ட்* ஆட்டத்தில் ஆற்றல் என்னும் கருத்தே இல்லை. ஒளித் துப்பாக்கியைக் கொண்டு திரையில் பறக்கும் வாத்தைக் குறிபார்த்துச் சுட வேண்டும். குறி தப்பாவிடில் வாத்து விழும். ஆட்டக்காரருக்கு 3 குண்டுகள் மட்டுமே தரப்படுவது இதன் கட்டுப்பாடுகளுள் ஒன்று.

1997 இல் வெளிவந்த *டீர் ஹன்டர்* ஆட்டத்தில் ரைபிள், சிதறுகுண்டுத் துப்பாக்கி, வில் ஆகியவற்றுள் ஒன்றை ஆட்டக்காரர் தெரிவு செய்துகொள்ளலாம். 1998 இல் வெளியான *கார்னிவோர்ஸ்* டைனோசர்களை வேட்டையாடும் கற்பனை ஆட்டமாகும். அதில் சுடுதிறன், குறித்துல்லியம், ஒலி, சுடும் வேகம் என்னும் நான்கு பண்புகளைக் கொண்டு ஆயுதங்கள் ஒப்பிடப்பட்டன. எனினும் அவ்வாட்டத்தில் டைரனோசாரசைக் கண்ணில் சுட்டே வீழ்த்த வேண்டியிருந்தது. ஆயுதத்தின் வலிமையைக் காட்டிலும் குண்டு படும் இடமே முதன்மையானது என்னும் கருத்து இவ்வாறு மிக எளிய வடிவில் ஆட்டத்தினுள் வந்தது.

2009 இல் இணையவழி ஆட்டமாக வெளிவந்த *தி ஹன்டர்*, அதன் தொடர்ச்சியாக 2017 இல் வெளியான *தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்*, 2022 இல் வெளியான *வே ஆஃப் தி ஹன்டர்* ஆகியவை விலங்கின் உள்ளுறுப்புகளையும் குண்டின் பாதையையும் கணக்கிடும் அளவுக்கு விரிவடைந்தன.

ஆற்றலைக் கணித்தல்

குண்டு ஒன்றின் இயக்க ஆற்றல், அதன் நிறையையும் திசைவேகத்தின் இருமடியையும் பெருக்கி வரும் தொகையில் பாதியாகும். நிறை இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காகும். திசைவேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். குழலின் வாயில் இருந்து வெளியேறும் கணத்தில் குண்டு கொண்டுள்ள ஆற்றல் *வாய் ஆற்றல்* எனப்படும். வேட்டை ஆட்டங்களில் இடம்பெறும் ரைபிள்கள் பலவும் உண்மையான தோட்டாக்களையே அடிப்படையாகக் கொண்டவை. அத்தகைய சில தோட்டாக்களின் பொதுவான அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. குண்டின் வகைக்கும் குழலின் நீளத்துக்கும் ஏற்ப இவை ஓரளவு மாறுபடும்.

| தோட்டா | குண்டின் நிறை (கிராம்) | திசைவேகம் (மீ/நொடி) | வாய் ஆற்றல் (ஜூல்) |
|---|---|---|---|
| .22 லாங் ரைபிள் | 2.6 | 380 | 190 |
| .223 ரெமிங்டன் | 3.6 | 988 | 1,740 |
| .30-30 வின்செஸ்டர் | 11.0 | 670 | 2,470 |
| .243 வின்செஸ்டர் | 6.5 | 900 | 2,630 |
| .270 வின்செஸ்டர் | 8.4 | 933 | 3,660 |
| .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் | 11.7 | 823 | 3,960 |
| 7 மிமீ ரெமிங்டன் மேக்னம் | 9.7 | 948 | 4,360 |
| .300 வின்செஸ்டர் மேக்னம் | 11.7 | 902 | 4,760 |
| .338 வின்செஸ்டர் மேக்னம் | 16.2 | 811 | 5,330 |
| .375 ஹாலண்ட் அன்ட் ஹாலண்ட் மேக்னம் | 19.4 | 771 | 5,770 |
| .458 வின்செஸ்டர் மேக்னம் | 32.4 | 622 | 6,270 |

தோட்டாவின் பெயரில் உள்ள எண் அதன் ஆற்றலைக் காட்டுவதில்லை என்பது இப்பட்டியலில் இருந்து தெளிவாகும். அவ்வெண் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் குழல் அல்லது குண்டின் விட்டத்தைக் குறிக்கும். .30-06 என்பதில் 06 என்பது அத்தோட்டா ஏற்கப்பட்ட 1906 ஆம் ஆண்டைக் குறிக்கின்றது. .22 லாங் ரைபிள், .223 ரெமிங்டன் ஆகிய இரண்டின் குண்டுகளும் ஏறத்தாழ ஒரே விட்டம் கொண்டவை. ஆயினும் பின்னதன் ஆற்றல் முன்னதைப் போல் ஏறத்தாழ 9 மடங்காகும். அவ்வாறே .30-06, .300 மேக்னம் ஆகிய இரண்டும் ஒரே விட்டமுடைய குண்டையே சுடுகின்றன. கூடுதல் வெடிமருந்து அடங்கும் பெரிய உறையைக் கொண்டிருப்பதால் பின்னது ஏறத்தாழ 20 விழுக்காடு மிகையான ஆற்றலைத் தருகின்றது.

ஊடுருவலும் விரிவும்

குண்டு கொண்டுள்ள ஆற்றல் விலங்கின் உடலில் எவ்வாறு செலவாகின்றது என்பதை அதன் அமைப்பே தீர்மானிக்கின்றது. இதனை இரு பண்புகளாகப் பிரித்துக் காண்பர்.

* *ஊடுருவல்*: தோல், தசை, எலும்பு ஆகியவற்றைக் கடந்து குண்டு உட்செல்லும் ஆழம்.
* *விரிவு*: உடலினுள் புகுந்ததும் குண்டின் முனை காளான் போல் விரிந்து அகன்ற காயத்தை ஏற்படுத்தும் தன்மை.

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. விரைவாக விரியும் குண்டு சிறிய மானை உடனடியாக வீழ்த்தும். பெரிய விலங்கில் அது தோளெலும்பிலேயே நின்றுவிடக்கூடும். விரியாத குண்டு ஆழமாகச் செல்லும். ஆனால் சிறிய விலங்கில் ஒடுங்கிய துளையை மட்டும் ஏற்படுத்தி மறுபுறம் வெளியேறிவிடும். அந்நிலையில் குண்டின் ஆற்றலில் பெரும்பகுதி விலங்கில் செலவாவதில்லை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. டி. எம். பெல் (1880–1954) ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் 7 மிமீ விட்டமுடைய சிறிய தோட்டாவைக் கொண்டே வீழ்த்தினார். விரியாத, நீண்ட குண்டு யானையின் மண்டையோட்டைத் துளைத்து மூளையைச் சென்றடைந்ததே இதற்குக் காரணம். ஆற்றல் எண்ணை மட்டும் கொண்டு ரைபிள்களை வரிசைப்படுத்துவதன் குறைபாட்டுக்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. எனினும் யானையின் உடலமைப்பை நன்கறிந்த ஒருவருக்கே இது இயன்றது.

*தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்* ஆட்டத்தில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஊடுருவல், விரிவு என்னும் இரு அளவுகளும் தனித்தனியே தரப்படுகின்றன. ஒரே ரைபிளுக்கு இரு வகைத் தோட்டாக்கள் கிடைக்கும்போது ஆட்டக்காரர் இவ்விரண்டையும் ஒப்புநோக்கியே தெரிவு செய்ய வேண்டும்.

தொலைவும் பின்னுதைப்பும்

காற்றின் தடையால் குண்டு செல்லும்போதே ஆற்றலை இழக்கின்றது. மழுங்கிய முனையுடைய .30-30 குண்டு 200 கெச (ஏறத்தாழ 183 மீட்டர்) தொலைவில் தன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். கூர்முனையுடைய .270 குண்டு அதே தொலைவில் மூன்றில் ஒரு பங்கையே இழக்கும். எனவே அண்மையில் ஒத்த ஆற்றலுடையனவாகத் தோன்றும் இரு ரைபிள்கள் தொலைவில் பெரிதும் வேறுபடலாம்.

ஆற்றல் மிகும்போது துப்பாக்கி தோளை நோக்கித் தள்ளும் பின்னுதைப்பும் பெரும்பாலும் மிகுகின்றது. உண்மை வேட்டையில் இது சுடுபவரை அஞ்சச் செய்து குறியைத் தவறச் செய்யும். ஆட்டங்களில் சுட்டவுடன் குறிநோக்கி மேலெழுவதன் மூலம் இது காட்டப்படுகின்றது. காயமுற்ற விலங்கின் மீது இரண்டாம் குண்டைச் செலுத்துவது இதனால் தாமதமாகின்றது.

வகுப்பு முறை

*தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்* ஆட்டத்தில் விலங்குகள் உடலளவைப் பொறுத்து 1 முதல் 9 வரையான வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முயல் 1 ஆம் வகுப்பிலும், செந்நரி 2 ஆம் வகுப்பிலும், ரோ மான் 3 ஆம் வகுப்பிலும், காட்டுப்பன்றி 5 ஆம் வகுப்பிலும், செம்மான் 6 ஆம் வகுப்பிலும், மூஸ் மான் 8 ஆம் வகுப்பிலும், ஐரோப்பியக் காட்டெருது 9 ஆம் வகுப்பிலும் அடங்கும். ஒவ்வொரு தோட்டாவும் எந்தெந்த வகுப்புகளுக்கு ஏற்றது என்பது குறிக்கப்பட்டிருக்கும். .22 தோட்டா மிகச் சிறிய விலங்குகளுக்கும், .243 உம் .270 உம் இடைப்பட்டவற்றுக்கும், .338 போன்றவை மிகப் பெரியவற்றுக்கும் உரியன. இவ்வெல்லைகள் ஆட்டத்தின் புதுப்பிப்புகளில் சில முறை மாற்றப்பட்டுள்ளன.

வகுப்புக்குக் குறைந்த தோட்டா உயிர்நிலை உறுப்புகளை அடையாமல் விலங்கைக் காயத்துடன் ஓடவிடும். வகுப்புக்கு மிஞ்சிய தோட்டாவும் ஏற்கப்படுவதில்லை. விலங்கு உடனே வீழ்ந்தாலும் வேட்டையின் மதிப்பீடு குறைக்கப்படும். 2018 இல் வெளியான *ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2* ஆட்டத்திலும் இதையொத்த முறை காணப்படுகின்றது. அதில் சிறு விலங்கைப் பெரிய துப்பாக்கியால் சுட்டால் தோல் சிதைந்து அதன் தரமும் விலையும் குறையும்.

வேட்டைச் சட்டங்களுடன் ஒப்பீடு

விலங்குக்கு ஏற்ற தோட்டா என்னும் கருத்து ஆட்டங்களுக்கே உரியதன்று. பல ஐரோப்பிய நாடுகளின் சட்டங்கள் விலங்கு வேதனையின்றி விரைவாக இறக்க வேண்டும் என்பதற்காகக் குறைந்த அளவு ஆற்றலை வரையறுத்துள்ளன.

* *இடாய்ச்சுலாந்து (ஜெர்மனி)*: ரோ மானுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1,000 ஜூல். குளம்புடைய ஏனைய வேட்டை விலங்குகளுக்கு 6.5 மிமீ விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூலும்.
* *இங்கிலாந்து, வேல்சு*: 1991 ஆம் ஆண்டு மான் சட்டப்படி .240 அங்குல விட்டமும் 2,305 ஜூல் வாய் ஆற்றலும். சில சிறிய மான் இனங்களுக்கு இதனிலும் குறைந்த அளவு ஏற்கப்படுகின்றது.
* *சுவீடன்*: மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்கு 9 கிராம் குண்டாயின் 100 மீட்டரில் 2,700 ஜூல், 10 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட குண்டாயின் 2,000 ஜூல்.

இவ்விதிகள் ஒன்றோடொன்று முற்றிலும் ஒத்துப்போவதில்லை. .243 தோட்டாவைக் கொண்டு இங்கிலாந்தில் செம்மானைச் சுடலாம். ஆனால் இடாய்ச்சுலாந்தில் அதன் 6.2 மிமீ விட்டம் போதாது. சுவீடனின் விதி, குண்டு கனமானால் குறைந்த ஆற்றலையும் ஏற்கின்றது. ஆற்றல், விட்டம், நிறை ஆகியவற்றுள் எது முதன்மையானது என்பதில் சட்டம் இயற்றுவோரிடையேயும் ஒரே கருத்து இல்லை என்பதை இது காட்டுகின்றது.

விரியும் குண்டுகளைப் பொறுத்தவரை போரும் வேட்டையும் எதிரெதிர் விதிகளைக் கொண்டுள்ளன. கொல்கத்தா அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையின் பெயரால் அறியப்படும் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899 ஆம் ஆண்டு ஹேக் சாற்றுரை தடை செய்தது. இங்கிலாந்தின் மான் சட்டமோ ரைபிளில் அத்தகைய மென்முனை அல்லது குழிமுனைக் குண்டுகளையே பயன்படுத்த வேண்டும் என்கின்றது.

உண்மையில் இருந்து வேறுபாடுகள்

விலங்கு இறப்பது ஆற்றல் எண்ணால் அன்று. குருதியிழப்பால் மூளைக்கு உயிர்வளி கிட்டாமல் போவதாலோ மூளை, தண்டுவடம் ஆகியவை சிதைவதாலோ அது நிகழ்கின்றது. இதயத்தில் குண்டுபட்ட மானும் விழும் முன் பல பத்து மீட்டர்கள் ஓடக்கூடும். ஆட்டங்கள் இதனை ஓரளவு பின்பற்றுகின்றன. உண்மை வேட்டைக்காரர் நுரை கலந்த வெளிர்சிவப்புக் குருதியை நுரையீரல் காயத்துக்கும், கருஞ்சிவப்புக் குருதியைக் கல்லீரல் காயத்துக்கும் அடையாளமாகக் கொள்வர். *தி ஹன்டர்* ஆட்டத்திலும் குருதித்தடம் காயத்தின் தன்மையை அறிய உதவுகின்றது. *வே ஆஃப் தி ஹன்டர்* ஆட்டத்தில் குண்டு உடலினுள் சென்ற பாதையைப் பின்னர் திரையில் காணலாம்.

எனினும் வகுப்பு முறையில் ஒரு தோட்டா ஏற்றது அல்லது ஏற்காதது என்று திட்டவட்டமாகப் பிரிக்கப்படுகின்றது. உண்மையில் அத்தகைய எல்லைக்கோடு இல்லை. தொலைவு, விலங்கு நிற்கும் கோணம், சுடுபவரின் திறன் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். குறி தவறிய குண்டின் விளைவு ஆட்டத்தில் புள்ளியிழப்பாக முடிகின்றது. காட்டில் அது காயமுற்ற விலங்கு மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் துன்புறுவதாக அமையும். குறைந்த அளவு ஆற்றலை வரையறுக்கும் சட்டங்கள் தவிர்க்க முனைவது இதனையே.

இவற்றையும் பார்க்கவும்

* இயக்க ஆற்றல்
* எறிபொருளியல்
* நிகழ்பட ஆட்டம்
* வேட்டை