புதுப்பித்தலைக் குறிக்கும் ஆங்கில வினைகள்

ரெனியூ, ரெனவேட், ரிஃபர்பிஷ், ரெஸ்டோர் என்ற நான்கையும் தமிழில் பெரும்பாலும் ‘புதுப்பி’ என்றே எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று எளிதில் நிற்காது. ரெனியூ காலக்கெடுவைச் சார்ந்தது: பாஸ்போர்ட், சந்தா, நூலகப் புத்தகம். நீள்வது தவணை மட்டுமே. ரெனவேட் பெரிதும் கட்டடத்துக்கு உரியது. சுவரை இடித்துச் சமையலறையை அகலப்படுத்தினாலும் அது ரெனவேட்தான். ரிஃபர்பிஷ், மெருகேற்றுதல் என்னும் பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையின் வழி வந்தது. இன்று பழுது நீக்கி மறுவிற்பனைக்கு வரும் செல்போன், லேப்டாப் விளம்பரங்களில் அதிகம் தென்படுகிறது.

வம்புக்குரியது ரெஸ்டோர். முன்பிருந்த நிலைக்குத் திருப்புதல் என்பது பொருள். அறுந்த மின்சாரம் திரும்பினாலும் இந்த வினைதான். பழங்கட்டடம் என்று வந்தால், எந்த முன்நிலைக்கு என்பதே வழக்கு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களை இப்பெயரில் சுரண்டித் திருத்தியதை எதிர்த்து, வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பழுது பார்த்தால் போதும் என்பது அவர் கட்சி. 2019 தீயில் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் இழந்த கூர்கோபுரம்கூட இடைக்காலத்தது அல்ல, 19-ஆம் நூற்றாண்டில் வியொலே-லெ-டியூக் வடிவமைத்தது. அதையே அச்சு மாறாமல் மீண்டும் எழுப்பினார்கள்.