வீட்டு வைஃபை பாதுகாப்பு

வீட்டு வைஃபை பாதுகாப்பு என்பது ஒரு வீட்டின் கம்பியில்லா இணைய இணைப்பில் அனுமதியின்றிப் பிறர் நுழைவதைத் தடுக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். ரவுட்டர் பரப்பும் வானொலி அலைகள் சுவரோடு நின்றுவிடுவதில்லை. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்த ஆரியசாலை போல வீடும் கடையும் நெருங்கி நிற்கும் பகுதிகளில், ஒரு வீட்டின் சிக்னல் பக்கத்து மாடியிலும் தெருவிலும் எளிதில் கிடைக்கும்.

தேவை

ரவுட்டரோடு இணைந்த கருவிகள் அனைத்தும் பொதுவாக வெளியுலகுக்கு ஒரே ஐ.பி. முகவரியில்தான் தெரியும். எனவே அத்துமீறி நுழைந்தவர் செய்யும் குற்றத்தின் தடயம் இணைப்பின் உரிமையாளரையே சுட்டும். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புகளையொட்டி ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலின் ஐ.பி. முகவரி, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பைக் காட்டியது. பாதுகாப்பற்ற அவரது வைஃபையைப் பிறர் பயன்படுத்தியது விசாரணையில் தெரியவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பு மின்னஞ்சலும் மும்பை செம்பூரிலிருந்த ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகவே அனுப்பப்பட்டிருந்தது. இதையடுத்து 2009-இல் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு குறித்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்கள் வழங்கியது.

குறியாக்கம்

பாதுகாப்பின் அடித்தளம், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கமே. 1997-இல் வந்த டபிள்யூஇபி முறையின் அடிப்படைக் குறை 2001-இல் வெளிப்பட்டது. இன்று அதைச் சில நிமிடங்களில் உடைக்கலாம். 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ2, 2018-இல் டபிள்யூபிஏ3 ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ரவுட்டரும் கைபேசிகளும் ஏற்குமானால் டபிள்யூபிஏ3, இல்லையேல் ஏஇஎஸ் குறியாக்கத்துடன் கூடிய டபிள்யூபிஏ2 ஏற்றது.

கடவுச்சொல்

டபிள்யூபிஏ2-இல் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துக்குறிகள் வரை இருக்கலாம். ஒரு கைபேசி ரவுட்டரோடு இணையும் கணத்தில் நடக்கும் தகவல் பரிமாற்றத்தைத் தெருவிலிருந்தே பதிவு செய்துகொண்டு, பிறகு வேறெங்காவது அமர்ந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியும். கைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தால், 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் தொடங்கும் 400 கோடி எண்களையும் திறன்மிக்க கிராபிக்ஸ் அட்டை சில மணி நேரத்தில் சோதித்துவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடர் இதற்கு ஈடுகொடுக்கும். டபிள்யூபிஏ3 இத்தகைய ஊகிப்பையே தடுக்கிறது.

பிற ஏற்பாடுகள்

கடவுச்சொல் தட்டாமல் இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட வேண்டும். அதன் 8 இலக்கப் பின் எண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதாலும் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் எண் சிக்கிவிடும் என்பது 2011-இல் வெளியானது.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு நிறுவனம் இட்ட கடவுச்சொல்லை இணைப்பு பெற்ற அன்றே மாற்ற வேண்டும். ரவுட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் அவசியம். விருந்தினருக்கும் வாடகைக்குக் குடியிருப்போருக்கும் கண்காணிப்பு கேமராவுக்கும் தனியாக விருந்தினர் வைஃபை அமைக்கலாம். வைஃபையின் பெயரை மறைப்பதும், குறிப்பிட்ட கருவிகளின் அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டும் அனுமதிப்பதும் வலுவான தடைகள் அல்ல. இரண்டையும் காற்றில் செல்லும் சிக்னலிலிருந்தே கண்டறிந்துவிடலாம்.

நிர்வாகப் பக்கத்தின் பட்டியலில் அறியாத கருவி தென்பட்டால் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பழைய கடவுச்சொல்லில் எந்தக் கருவியாலும் மீண்டும் இணைய முடியாது.

சட்டம்

பிறர் வலையமைப்பில் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் அடங்கும். அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.