இந்தியச் சட்டத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் உரிமம்: 1914 முதல் 2024 வரை

இந்தியாவில் ஆம்புலன்ஸ் ஓட்டுவதற்கென்று தனி உரிமம் எதுவும் இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கார் ஓட்டிக் காட்டி இலகுரக வாகன உரிமம் பெற்ற ஒருவர், இன்றைய சட்ட நிலையில், அதே உரிமத்தோடு மூச்சுத் திணறும் நோயாளியைப் பின்னால் கிடத்திக்கொண்டு சைரன் ஒலிக்கச் சாலையில் இறங்கலாம். இது வெறும் அலட்சியத்தால் வந்த நிலை என்று சொல்லிவிட முடியாது. நூறாண்டுக்கும் மேலாக உரிமச் சட்டம் மூன்று கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வந்திருக்கிறது. ஓட்டுபவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறாரா? வண்டி எதற்குப் பயன்படுகிறது? வண்டியின் எடை எவ்வளவு? வண்டி ஓட்டுபவர் செய்யும் வேலை எத்தகையது என்ற நான்காவது கேள்வியை வேறு சில பணிகளுக்குக் கேட்ட சட்டம், ஆம்புலன்ஸுக்கு மட்டும் கேட்கவில்லை. அதே காலத்தில் ஆம்புலன்ஸுக்குச் சாலையில் தரப்பட்ட சலுகைகள் கூடிக்கொண்டே போயின. சலுகை வளர்ந்த அளவுக்குத் தகுதி வளரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் பொதுவான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. அதற்கு முன் மாகாணங்கள் தத்தம் போக்கில் விதி வகுத்துக்கொண்டிருந்தன. பொது இடத்தில் வண்டி ஓட்ட உரிமம் வேண்டும் என்பதை அந்தச் சட்டம் நிலைநிறுத்தியது. மற்றவற்றைப் பெரும்பாலும் மாகாண விதிகளுக்கே விட்டுவிட்டது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முக்கியமான கோட்டைக் கிழித்தது. சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு ஒரு நிலை. ஊதியம் பெற்று ஓட்டும் பணியாளருக்கும் போக்குவரத்து வாகனம் ஓட்டுபவருக்கும் வேறொரு நிலை. பின்னவர்களின் உரிமத்தில் அந்த அனுமதி தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பிறர் உயிரும் பொருளும் தன் கையில் இருக்க, பிழைப்புக்காக நாள் முழுதும் ஓட்டுபவரிடம் கூடுதலாகச் சிலவற்றை எதிர்பார்க்கலாம் என்ற எண்ணம் இதில் இருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் சம்பளத்துக்கு ஓட்டுபவரே என்பதால் இந்த வலைக்குள் வந்துவிட்டார். ஆனால் வாடகைக் கார் ஓட்டுநரிடமோ பெரிய வீட்டு டிரைவரிடமோ கேட்காத எதையும் அவரிடம் சட்டம் கேட்கவில்லை.

1988இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஊதியப் பணியாளர் என்ற அளவுகோலைக் கைவிட்டது. இனி வண்டியின் பயன்பாடு மட்டுமே கணக்கு. ஆம்புலன்ஸ் இங்கே விநோதமான இடத்தில் நிற்கிறது. போக்குவரத்து வாகனம் என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் அதன் பெயர் இல்லை. ஆனால் அனுமதிச்சீட்டு பற்றிப் பேசும் 66ஆம் பிரிவு, காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணிகளுக்கு மட்டுமே பயன்படும் போக்குவரத்து வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்கிறது. அதாவது அதுவும் போக்குவரத்து வாகனம்தான் என்று எடுத்துக்கொள்கிறது. பின்னர் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியல் ஆம்புலன்ஸை வெளிப்படையாகவே அந்த வகையில் சேர்த்தது. நடமாடும் உணவகம், நூலக வேன், பணம் ஏற்றும் வேன் ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. இதன் விளைவாக ஆம்புலன்ஸ் ஓட்ட விரும்புபவர் 20 வயது நிரம்பியவராக, இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு கழித்தவராக, எட்டாம் வகுப்புப் படித்தவராக இருக்க வேண்டியிருந்தது. கல்வித் தகுதி 2019இல் நீக்கப்பட்டது. நம் ஊரில் பேட்ஜ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அடையாளமும் இந்த ஏற்பாட்டின் பகுதிதான். இவை மிகச் சிறிய தடைகள். எனினும், உரிமம் கைக்கு வந்த மறுநாளே ஒருவர் ஆம்புலன்ஸில் ஏறுவதைத் தடுத்தன.

அந்தச் சிறிய தடைகளும் தளர்ந்த கதை சாலைப் பாதுகாப்பு விவாதத்தில் நடக்கவில்லை. காப்பீட்டு வழக்குகளில் நடந்தது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. இலகுரக வாகனத்தின் எடை உச்சவரம்பை 6,000 கிலோவிலிருந்து 7,500 கிலோவாக உயர்த்தியது. நடுத்தர, கனரக வகைகளாகப் பிரிந்து கிடந்தவற்றைப் போக்குவரத்து வாகனம் என்ற ஒரே தலைப்பில் கொண்டுவந்தது. அப்படியானால் 7,500 கிலோவுக்குக் குறைந்த வாடகை வண்டி எந்த வகை? விபத்தில் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்த குடும்பங்களிடம், ஓட்டுநரின் உரிமத்தில் போக்குவரத்து வாகனக் குறிப்பு இல்லை, ஆகவே நாங்கள் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாதிட்டன. 2017 ஜூலையில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை மறுத்தது: எடை வரம்புக்குள் இருந்தால் இலகுரக உரிமமே போதும், தனிக்குறிப்பு வேண்டாம். 2018 ஏப்ரலில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அவ்வாறே அறிவுறுத்தியது. 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. போக்குவரத்து வாகனத்துக்கான கூடுதல் தகுதிகள் 7,500 கிலோவுக்கு மேற்பட்டவற்றுக்கே பொருந்தும் என்றது. இழப்பீடு கிடைக்காமல் அலைந்த குடும்பங்களுக்கும், சிறிய சரக்கு வண்டிகளை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநர்களுக்கும் இது நியாயமான தீர்ப்பு. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் நம் சாலைகளில் ஓடும் வேன் வகை ஆம்புலன்ஸ்கள் எல்லாம் அந்த எடைக்குள்தான் அடங்குகின்றன. பணம் யார் தருவது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில், ஆம்புலன்ஸை யார் ஓட்டலாம் என்ற கேள்விக்கும் பதிலாகிவிட்டது. அந்தக் கேள்வியை யாரும் நீதிமன்றத்தில் எழுப்பியிருக்கவே இல்லை.

அதே தீர்ப்பு சில விலக்குகளை விட்டுவைத்தது என்பதுதான் நம் வாதத்துக்கு முதன்மையான சான்று. அபாயகரமான பொருள்களை ஏற்றும் வாகனங்கள், இ-ரிக்‌ஷா, இ-கார்ட் ஆகியவற்றுக்கான சிறப்புத் தகுதிகள் தொடரும் என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆம் விதி, பெட்ரோலோ அமிலமோ ஏற்றும் டேங்கர் ஓட்டுநர் மூன்று நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் காட்டி உரிமத்தில் பதிய வேண்டும் என்கிறது. தற்காப்புடன் ஓட்டும் முறையும், ஏற்றும் பொருளின் தன்மையும் அந்தப் பாடத்தில் அடங்கும். அந்த அனுமதி முதலில் ஓராண்டுக்கே செல்லுபடியானது. 2019 திருத்தம் அதை மூன்றாண்டாக்கியது. புதுப்பிக்க மறுபயிற்சி தேவை. 2014இல் சேர்க்கப்பட்ட விதியோ இ-ரிக்‌ஷா ஓட்டுநருக்குக் குறைந்தது பத்து நாள் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆக, வேலையின் தன்மையைப் பார்த்து ஓட்டுநரிடம் தனித்தகுதி கேட்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. அமிலம் சிந்தாமல் கொண்டு சேர்க்கப் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்த சட்டம், முதுகெலும்பு முறிந்தவரை அசையாமல் கொண்டு சேர்க்கவும் பயிற்சி வேண்டும் என்று உணரவில்லை.

மறுபக்கத்தில் சலுகைகளின் வரலாறு வேறு வேகத்தில் ஓடியது. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடச் சொன்னதோடு நின்றன. அவற்றின் இடத்தில் 2017இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், உயிர் காக்கும் அவசரத்தில் உரிய கவனத்தோடு சிவப்பு விளக்கைக் கடக்கவும் வேக வரம்பை மீறவும் அவசர வாகனங்களுக்கு இடம் தந்தன. 2019 திருத்தம் 194இ என்ற பிரிவைச் சேர்த்தது: வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வழிவிட வேண்டியவரின் கடமை எழுத்துக்கு எழுத்து வரையறுக்கப்பட்டுவிட்டது. உரிய கவனம் என்றால் என்ன, சந்திப்பில் எந்த வேகத்தில் நுழைவது, எந்த நோயாளிக்கு விரைவு நல்லது, யாருக்குக் குலுக்கலே ஆபத்து என்பனவற்றை ஓட்டுநர் எங்கே கற்பது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

மருத்துவத் தரப்பிலும் இதே இடைவெளிதான். ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் ஆம்புலன்ஸ் ஏற்பாட்டை அரசின் கடமையாகச் சுட்டியது. அதில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்றது. ஓட்டுநர் பற்றி அதில் பேச்சில்லை. ஆம்னி வேனில் ஒரு ஸ்ட்ரெச்சரைப் போட்டு ஆம்புலன்ஸ் என்று எழுதிவிடும் வழக்கத்துக்கு முடிவுகட்ட, ஏ.ஐ.எஸ். 125 என்ற தேசிய ஆம்புலன்ஸ் தரநிலை வந்தது. வண்டிகளை நான்கு வகையாகப் பிரித்து, நோயாளி அறையின் அளவு, இருக்கை, விளக்கு, நிறம் என ஒவ்வொன்றையும் அது வரையறுத்தது. மிக நல்ல வேலை. ஆனால் அது வண்டியின் தரம். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், பின்பகுதியில் நோயாளியோடு இருக்கும் அவசர மருத்துவத் தொழில்நுட்பரைப் பதிவுக்குரிய தொழிலராக ஏற்றது. வண்டிக்கு ஒரு நூல், பின்னால் இருப்பவருக்கு ஒரு பதிவேடு. முன்னால் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு எதுவுமில்லை.

சட்டம் விட்ட இடத்தை நிரப்பியது ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதன் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் பார்த்தவர்களுக்கு நிபந்தனைகள் பழக்கமானவை: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 24 முதல் 35 வயது, 162.5 செ.மீ. உயரம், இலகுரக உரிமம் பெற்று மூன்றாண்டு, பேட்ஜ் பெற்று ஓராண்டு. எழுத்துத் தேர்வு, கண்பார்வைச் சோதனை, ஓட்டுத் தேர்வு கடந்தவர்களுக்குப் பத்து நாள் வகுப்பறை, களப் பயிற்சி. சட்டம் தேவையில்லை என்று சொன்ன பேட்ஜை வேலை கொடுப்பவர் இன்னும் கேட்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. இந்தப் பணிக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை நடைமுறை அறிந்தே வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பந்த நிபந்தனை அந்த ஒப்பந்தத்துக்குள் வருபவரை மட்டுமே கட்டும். தனியார் மருத்துவமனைகள், அறக்கட்டளைகள், சமய அமைப்புகள், அரசு மருத்துவமனை வாசலில் வாடகைக்கு நிற்கும் தனியாட்கள் என ஓடும் மற்ற ஆம்புலன்ஸ்களின் ஓட்டுநர்களை அது தொடுவதில்லை. இன்னொன்று, 108இல் பல்லாண்டு உழைத்து வெளியேறும் ஓட்டுநருக்கு அந்தத் திறமையைக் காட்ட உரிமத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. அடுத்த இடத்தில் அவர் வெறும் இலகுரக வாகன ஓட்டுநர். பன்னிரண்டு மணி நேரப் பணிமுறையில் பிறர் உயிருக்காக ஓடியவரைத் தேர்ந்த தொழிலராகக் கருத மறுக்கும் இந்த அநீதி போதிய அளவு பேசப்படவில்லை.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, இலகுரக உரிமத்தோடு போக்குவரத்து வாகனம் ஓட்டுபவர்களால் விபத்து கூடுகிறது என்பதற்குப் புள்ளிவிவரம் காட்டப்படவில்லை என ரம்பா தேவி தீர்ப்பே சொல்கிறதே? உண்மைதான். ஆனால் அங்கே ஆராயப்பட்டது உரிமக் குறிப்பு இருப்பதும் இல்லாததும். சைரனோடு சிவப்பு விளக்கைக் கடக்கும் பணி அங்கே ஆராயப்படவில்லை. மேலும், ஆம்புலன்ஸ் ஓட்டுவதில் நேரும் தீங்கு விபத்தாக மட்டும் வெளிப்படுவதில்லை. திடீர்ப் பிரேக்கில் நழுவும் சுவாசக் குழாயும், வளைவில் தடுமாறி மார்பை அழுத்த முடியாமல் போகும் உதவியாளரின் கையும் எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இரண்டாவது, ஆம்புலன்ஸுக்கு வேகம்தானே முக்கியம், கற்பதற்கு என்ன இருக்கிறது என்பது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு, விளக்கும் சைரனும் பயன்படுத்திச் சென்ற பயணம் அவையின்றிச் சென்றதைவிடச் சராசரியாக 43.5 நொடியே விரைவு என்று கண்டது. சென்னை அண்ணா சாலைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் எப்போது விரைவது என்பதே ஒரு தீர்மானம், அதற்கு அறிவு வேண்டும் என்பதை அது காட்டுகிறது. பிரிட்டன் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேக வரம்பிலிருந்து விலக்குப் பெற ஓட்டுநர் அதிவேகப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று எழுதியது. நடைமுறைப்படுத்துவதில் ஆண்டுக்கணக்கில் தாமதம் நேர்ந்தாலும், சலுகையையும் பயிற்சியையும் ஒரே வாக்கியத்தில் கட்டிய முறை நமக்குப் பாடம். கலிபோர்னியா மாநிலம் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தனிச் சான்றிதழே வழங்குகிறது.

மூன்றாவது எதிர்வாதம்தான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. தகுதியை உயர்த்தினால் ஓட்டுநர் கிடைக்காமல் மலைக் கிராமங்களில் வண்டி நின்றுவிடும். பயிற்சி பெறாத ஓட்டுநர் வருவது யாருமே வராததைவிட மேல். இதை மறுக்க முடியாது. அதனால்தான் தீர்வு புதிய தடையாக இல்லாமல் படிப்படியான பதிவாக இருக்க வேண்டும். புதிய சட்டமும் தேவையில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(2)ஆம் பிரிவு உரிம வகைகளை அடுக்கும்போது, குறிப்பிட்ட விவரிப்புடைய மோட்டார் வாகனம் என்ற இடத்தையும் வைத்திருக்கிறது. விதி செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 9ஆம் விதியை ஒட்டி, ஆம்புலன்ஸுக்கு ஒரு விதியைச் சேர்த்தால் போதும். இப்போது பணியில் இருப்பவர்களுக்கு மூன்றாண்டு அவகாசம் தரலாம். 108 போன்ற சேவையில் பயிற்சி முடித்தவர்களுக்கு அந்தச் சான்றையே ஏற்றுப் பதியலாம். பத்து நாள் பாடத்தில் சந்திப்புகளைக் கடக்கும் முறை, நோயாளியின் நிலைக்கேற்ற வேகம், முதலுதவி, ஸ்ட்ரெச்சர் தூக்கல், இரவுப்பணிக் களைப்பைக் கையாளல் ஆகியவை அடங்க வேண்டும். கட்டணத்தை ஓட்டுநர் தலையில் கட்டாமல் வண்டியின் உரிமையாளரே ஏற்க வேண்டும். தமிழ்நாட்டில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கும்மிடிப்பூண்டி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி கனரக வாகனங்களுக்கு இதைவிடக் கடினமான பயிற்சியைத் தந்து பழகிய இடம்; இந்தப் பாடத்தையும் அங்கே நடத்தலாம். மத்திய விதி வரும் வரை காத்திராமல், அரசு மருத்துவமனை வளாகத்துக்குள் நோயாளியை ஏற்ற வரும் ஒவ்வொரு ஆம்புலன்ஸின் ஓட்டுநரும் அந்தச் சான்றைக் காட்ட வேண்டும் என்று விதித்து மாநிலச் சுகாதாரத் துறை இதைத் தொடங்கலாம்.